பீர்க்கடைச் சுவரில் ஒரு கொடிக்கால்

வாய்க்காலுக்குள் நான் மல்லாந்து படுத்திருந்தேன். முதுகுக்கு அடியில் ஓர் உரச்சாக்கு. சாக்குக்கு அடியில் ஈரம். நெஞ்சின் மேல் கேமரா. இரண்டு பக்கமும் வெற்றிலைக் கொடிகள் மூங்கில் கம்புகளைப் பிடித்துக்கொண்டு மேலே போயின. நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வானம் தெரிந்தது.

வெயில் இன்னும் ஏறவில்லை. ஈரமண் வாசனையோடு வெற்றிலைக் காரமும் சேர்ந்து மூக்கில் ஏறியது. ஓர் எறும்பு என் காதுக்குள் போகலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

தலைமாட்டில் செல்லம்மா மதினி நின்றார். இந்தக் கொடிக்காலின் சொந்தக்காரர் பெருமாள் அண்ணனுடைய மனைவி. அவருக்குப் பின்னால் இலை கிள்ளும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"எதுக்கும்மா இப்படிப் படுத்துக் கெடக்கே? நின்னு எடுத்தா படம் வராதா?"

"கீழேருந்து எடுத்தா ஒசரமாத் தெரியும் மதினி."

"இது ஒசரந்தானே?"

"இன்னும் வேணும். மூணு ஆள் ஒசரம் வேணுமாம்."

"யாருக்காம்?"

நான் கண்ணால் காட்டினேன். வரிசையின் கோடியில் கோ ஸோ மின் நின்றுகொண்டிருந்தார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, செருப்பில்லாத காலைச் சேற்றில் வைக்க மனமில்லாமல் ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்திருந்தார். கொக்கு மாதிரி இருந்தது.

"பெரிய எடத்து ஆசைதான்" என்றார் மதினி. பிறகு குனிந்து, "இந்த வரிசை கோயிலுக்குப் போற எலை. கைகால் படாமப் படு நோ" என்றார்.

அந்த "நோ" ஆங்கிலம் இல்லை. பர்மியர்கள் வாக்கியக் கடைசியில் ஒட்டவைக்கிற செல்லச் சொல். "சரியா, கேட்டியா" என்று அர்த்தம். நாங்கள் அவர்களிடமிருந்து வாங்கிப் பல காலம் ஆயிற்று. திருப்பிக் கொடுக்கிற உத்தேசம் இல்லை.

குளிர் தேசத்துக் கொடி

கோ ஸோ மின் யார் என்று சொல்லிவிடுகிறேன். ரங்கூனில், கியாக்டடாவில், ஒரு வங்கிக்குப் பக்கத்தில், பீர்க்கடை திறக்கத் தயாராகிக்கொண்டிருந்தவர். இங்கே அதை பீர் ஸ்டேஷன் என்பார்கள். ரயில் வராது. ஆனால் ஆட்கள் நேரம் தவறாமல் வந்து காத்திருப்பார்கள்.

என்னைத் தேடி அவர் வந்தது என் பெருமை தெரிந்து அல்ல. லான்மடாவில் என் ஸ்டுடியோவுக்கு எதிரே அவருடைய தங்கை துணிக்கடை வைத்திருக்கிறார். தெருவைத் தாண்டினால் நான். அவ்வளவுதான்.

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் எடுப்பது பெரும்பாலும் பாஸ்போர்ட் படம். வெள்ளைத் துணிக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்தே பாதி ஆயுள் போய்விட்டது. ரங்கூனில் இன்று எந்த வியாபாரம் படுத்தாலும் இது படுக்காது. எல்லோருக்கும் பாஸ்போர்ட் படம் வேண்டியிருக்கிறது. எடுத்துக்கொண்டு போனவர்களில் பலரை மறுபடி தெருவில் பார்ப்பதில்லை. என் படங்கள் உலகமெல்லாம் சுற்றியிருக்கின்றன. நான் பக்கத்து ஊரான மொபியைத் தாண்டியதில்லை.

கோ ஸோ மின் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு குளிர் தேசம். உயரமான கம்பங்கள் வரிசையாக நின்றன. கம்பங்களின் தலையில் கம்பி. கம்பியிலிருந்து தரைக்குக் கயிறுகள். ஒவ்வொரு கயிற்றையும் பிடித்துக்கொண்டு ஒரு கொடி ஏறியிருந்தது. கொடி முழுவதும் பச்சையாகக் குட்டிக் குட்டிக் கூம்புகள். வரிசைகளுக்கு நடுவே பனிமூட்டம். கோயில் பிரகாரம் போல் நீளமாக, அமைதியாக இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

"இது ஹாப்ஸ்" என்றார் கோ ஸோ மின் பர்மியத்தில். "பீருக்குக் கசப்பு கொடுக்கிறது இந்தப் பூதான். என் கடையில ஒரு சுவர் முழுக்க இந்தத் தோட்டம் இருக்கணும்."

"இந்தப் படத்தையே போடலாமே?"

"போட்டுப் பார்த்தேன். பெரிசாக்கினா எல்லாம் கட்டம் கட்டமா ஆயிடுச்சு. கொடி தெரியலை, குளியலறைச் சுவர் மாதிரி இருந்துச்சு. நல்ல படம் வெளிநாட்டுல கிடைக்கும். ஆனா இங்கேருந்து அவங்களுக்குப் பணம் அனுப்புறதுக்குள்ள என் கடை பழசாயிடும்."

"இங்கே இந்தச் செடி விளையாதே."

"விளையாது. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன், டோ வள்ளி."

இந்த "டோ" பற்றி ஒரு வார்த்தை. பர்மாவில் இளம்பெண்ணுக்குப் பெயருக்கு முன்னால் "மா". வயதான பெண்ணுக்கு "டோ". ஆண்களுக்கு இதே போல் "கோ", "ஊ". எந்த நாளில் ஒன்று மற்றொன்றாக மாறும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. போன மழைக்காலம் வரை நான் மா வள்ளி. மழை விட்டு வெளியே வந்தால் டோ வள்ளி.

கொடி, கம்பம், கயிறு, வரிசை. இவை எல்லாம் இருக்கிற ஓர் இடம் எனக்குத் தெரியும் என்று மெதுவாகச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னைப் போன்ற கூச்சக்காரர்களிடம் ஒரு கோளாறு உண்டு. மாதக்கணக்கில் வாய் திறக்க மாட்டோம். திறந்தால் அது நேராக வம்பில் போய் நிற்கும்.

"வெற்றிலையை எல்லாருக்கும் தெரியுமே?" என்றும் கேட்டேன்.

அவர் எழுந்து போய் வாசல் சாக்கடையில் சிவப்பாகத் துப்பிவிட்டு வந்தார். கன்னத்தில் மிச்சமிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "யாரு உத்துப் பார்க்கப் போறாங்க?" என்றார்.

தாஜ்மஹாலுக்கு முன்னால்

பொய்ச் சுவர் எங்கள் குடும்பத்துக்குப் புதிது இல்லை.

இந்த ஸ்டுடியோவை அப்பா தொடங்கியபோது பின்னால் ஒரு திரை தொங்கியது. அதில் தாஜ்மஹால் வரைந்திருந்தது. வரைந்தவர் தாஜ்மஹாலைப் பார்த்ததில்லை. பகோடாவைத்தான் பார்த்திருக்கிறார். அதனால் குவிமாடம் கொஞ்சம் கூராக, தங்க நிறம் தட்டி இருந்தது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை குளித்து, எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, அப்பாவிடம் ஒரு கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நிற்பார்கள். அந்தக் கோட்டு எல்லோருக்கும் பொருந்தும். பின்பக்கம் கிழித்து நாடா வைத்திருந்தது. படம் ராமநாதபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் போகும்.

ஒருவருக்கு ஊரிலிருந்து பதில் வந்தது. ஆக்ரா வரை வந்தவர் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று அவர் மனைவி கேட்டிருந்தார். அவர் அப்பாவிடம் வந்து சண்டை போட்டார். அப்பா திரையைத் திருப்பிப் போட்டார். அந்தப் பக்கம் பனிமலை.

அதனால், சுவரில் ஒன்றைக் காட்டி இன்னொன்று என்று சொல்வதில் எனக்கு மனச்சங்கடம் ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் சாதம் வந்ததே அதிலிருந்துதான்.

தோல் உள்ளே வரக்கூடாது

ஷ்வேப்யிதா தொழிற்சாலைகளைத் தாண்டி வடக்கே போனால் பெருமாள் அண்ணனின் கொடிக்கால். வழியில் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி என் கேமராப் பையைத் திறந்து பார்த்தார்கள். எதற்கு என்று கேட்டார்கள். வெற்றிலையைப் படம் எடுக்க என்றேன். உண்மையைச் சொல்லும்போது என் குரல் எப்போதும் நடுங்கும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிறவர்களால் ஆபத்து இல்லை என்று முடிவு செய்து விட்டுவிட்டார்கள்.

கொடிக்காலுக்குள் எல்லோரும் நினைத்தபடி நுழைய முடியாது. செருப்பு கூடாது. குடித்துவிட்டு வரக்கூடாது. தோல் சாமான் கூடாது. மீறினால் கொடி வாடிவிடும் என்பது நம்பிக்கை. கிழக்குப் பக்கத்துத் தோட்டம் ஒரே மாதத்தில் வாடிக் கருகியது. எதனால் என்று விவசாய இலாகாக்காரர் ஒரு காரணம் சொன்னார். ஊரார் ஒரு மாப்பிள்ளையின் பூட்ஸைச் சொன்னார்கள்.

"பகோடாவா இது?" என்று கேட்டுக்கொண்டே கோ ஸோ மின் சப்பாத்தைக் கழற்றினார்.

"எங்களுக்கு அப்படித்தான்" என்றார் பெருமாள் அண்ணன்.

என் கேமராவின் பட்டை தோல். மதினி அதை அவிழ்த்து வேலியில் மாட்டிவிட்டு, ஒரு பழைய லோஞ்சிக் கைலியின் கரையைக் கிழித்துக் கட்டிக் கொடுத்தார். வாசலைத் தாண்டக் காலை எடுத்தபோது மறித்தார்.

"ஏம்மா வள்ளி, சுத்தமாத்தானே இருக்கே?"

கோ ஸோ மின்னுக்கு இவ்வளவு தமிழ் தெரியாது என்று நம்பினேன். எங்கள் வண்டி ஓட்டிக்குத் தெரியும். அவர் பெயர் முருகேசன்.

"அதெல்லாம் நின்னு போச்சு மதினி" என்று அவர் காதோடு சொன்னேன்.

மதினி தோட்டத்தின் மறுகோடியில் நின்ற கணவருக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார். "அதெல்லாம் நின்னு போச்சாம். வரட்டும்."

முருகேசன் வண்டியின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

உள்ளே போனதும் பெருமாள் அண்ணன் முதலில் கேட்டது, "என்ன கடைக்கு?" என்பது. கோ ஸோ மின் மறைக்கவில்லை. பீர்க்கடை என்றார். அதை நான் தமிழில் சொன்னேன்.

செல்லம்மா மதினியின் முகம் மாறியது. இது இங்கே ஏன் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். ரங்கூனிலுள்ள எங்கள் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் தாம்பூலத் தட்டில் வைக்கிற இலை இந்தத் தோட்டத்து இலைதான். பெருமாள் அண்ணனின் தாத்தா காலத்திலிருந்து அப்படி. திருவிழாவில் முதல் மரியாதை பணக்காரர்களுக்குப் போகும். ஆனால் சாமிக்கு முன்னால் போகிற முதல் கவுளி வெற்றிலை பெருமாள் வீட்டுடையது. அந்த வீட்டில் ஆஸ்தி என்று சொன்னால் அதுதான்.

"கமிட்டிக்குத் தெரிஞ்சா நம்ம எலைய நிறுத்திப்புடுவாங்க" என்றார் மதினி.

அண்ணன் என்னிடம், "சொவரு எம்மாம் பெரிசு?" என்று கேட்டார்.

கோ ஸோ மின் இரண்டு கையையும் விரித்து, அது போதாது என்று பக்கவாட்டில் நடந்தும் காட்டினார்.

பெருமாள் அண்ணனின் கண் அவர் நடந்த தூரத்தை அளந்தது. இந்தத் தோட்டத்தை இதுவரை யாரும் ஒரு படம் கூட எடுத்ததில்லை. "நம்ம கோயில் ஆளுங்க பீர்க்கடைக்கா போகப் போறாங்க? யாரு பார்த்துச் சொல்லப் போறா?" என்றார்.

மதினிக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நாங்கள் இருவரும் பீர்க்கடைக்குப் போகிறவர்கள் இல்லையே.

கொடியில் காய்த்த பீடா

வெற்றிலைத் தோட்டத்துக்கு மேலே ஓலை நிழல் போட்டிருப்பார்கள். வானம் தெரியாது. கோயிலுக்குரிய வரிசையின் மேல் மட்டும் ஓலை மாற்றுவதற்காகப் பிரித்திருந்தது. கொடிகளும் அங்கேதான் நன்றாக ஏறியிருந்தன. வேறு வழியில்லாமல் அந்த வரிசையையே எடுக்க வேண்டியதாயிற்று.

கைப்பேசிப் படத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தோம். மேல் கம்பிலிருந்து தரைக்குச் சணல் கயிறுகளைச் சாய்வாக இழுத்துக் கட்டினோம். வாய்க்காலில் தண்ணீர் தெளித்து, ஈரச் சருகைப் புகையவிட்டோம். பனி வந்தது. எல்லோருக்கும் இருமலும் வந்தது. சூரியனை இலைக்குப் பின்னால் நிறுத்திவிட்டால் இலையின் முகம் இருண்டு விளிம்பு மட்டும் பளபளக்கும். எந்த இலை என்று தெரியாது என்பது என் கணக்கு.

"பூ எங்கே?" என்றார் கோ ஸோ மின்.

பூ இல்லை. கூம்பு கூம்பாகத் தொங்க வேண்டிய பூ. அவர் பாக்குப்பிஞ்சைக் கட்டலாம் என்றார். கட்டிப் பார்த்தோம். பாக்குப்பிஞ்சாகவே இருந்தது.

இலை கிள்ளும் பெண்களில் ஒருத்தி, எங்கள் தவிப்பைப் பொறுக்காமல், ஒரு கொழுந்து வெற்றிலையை எடுத்தாள். கூம்பாகச் சுருட்டி, மடித்து, ஓர் ஈர்க்குச்சி குத்திக் காட்டினாள். கல்யாண வீட்டில் தாம்பூலத்துக்குச் சுருட்டுகிற அதே மடிப்பு. எட்டி நின்று பார்த்தால், கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால், கைப்பேசியில் இருந்த பூதான்.

அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து சுருட்டினார்கள். பேச்சும் சிரிப்புமாக ஒரு கல்யாண வீடு. மதினி கூட, கவலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வேகமாகச் சுருட்டினார். "பொண்ணு யாரு, மாப்ள யாரு?" என்று ஒருத்தி கேட்டாள். "பொண்ணு வெத்தலை, மாப்ள பீரு" என்றாள் இன்னொருத்தி. மதினி அவளை முறைத்தார். முறைத்துவிட்டுச் சிரித்தார்.

கடைசியில் முன்னால் ஒரு பீர்க் கிளாஸும் வேண்டும் என்றார் கோ ஸோ மின். பெருமாள் அண்ணன் ஒரே வார்த்தையில் மறுத்தார். ஒரு சொட்டு உள்ளே வரக்கூடாது. அதனால் கிளாஸில் வெறுந்தேநீரை ஊற்றி, மேலே சோப்புத்தூள் நுரையை அள்ளி வைத்தோம். பீர் இல்லாத பீர். ஹாப்ஸ் இல்லாத ஹாப்ஸ் தோட்டம். பனி இல்லாத பனி. நான் மட்டும் உண்மையாகவே சேற்றில் படுத்திருந்தேன்.

ஆனால் படுத்துக்கொண்டு மேலே பார்த்தபோது ஒன்று நடந்தது. புகைக்குள் முதல் வெயில் இறங்கியது. சணல் கயிறு ஒவ்வொன்றும் ஒளிக்கம்பியாகத் தெரிந்தது. கொடிகள் எங்கேயோ ஏறிப் போய்க்கொண்டே இருந்தன. அது வெற்றிலையா, வேறு எதுவா என்று எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில்தான் பொத்தானை அழுத்தினேன்.

திறப்பு விழா

கடை திறந்த நாளில் நான் போகவில்லை. பீர்க்கடைக்குள் எங்கள் பக்கத்துப் பெண்கள் போவதில்லை. ஆண்கள் போனாலும் போனதாகச் சொல்வதில்லை. சுவருக்குப் போன படத்தை நான் கம்ப்யூட்டரில் உள்ளங்கை அளவுக்குத்தான் பார்த்திருந்தேன். கீழே சின்னதாக என் பெயர் போட்டிருப்பதாக கோ ஸோ மின் சொல்லியிருந்தார். என் பெயர் ஒரு பீர்க்கடையில் இருக்கிறது, நான் உள்ளே போக முடியாது. இதை யாரிடம் சொல்லி அழுவது?

மறுநாள் காலையில் அவர் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். உட்காரவில்லை.

"முதல் மேசையில முதல் ஆள், டோ வள்ளி. டாக்சி ஓட்டுறவர். உட்காரக்கூட இல்லை. சுவரைப் பார்த்தார். 'அட, வெற்றிலைத் தோட்டம்' அப்படின்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஹாப்ஸ்னு சொன்னேன். அவர் கிட்டே போய்ப் பார்த்துட்டு, 'உங்க ஹாப்ஸ் சுண்ணாம்பு தடவித் தயாராகவே காய்க்குமா?' அப்படின்னார். கடை முழுக்கச் சிரிச்சாங்க."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. இந்த நகரத்தில் முக்குக்கு முக்கு வெற்றிலைப் பெட்டி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வெற்றிலையின் இளசு முதிர்ச்சி தெரியும். பர்மாவில் எதை மறைத்தாலும் இதை மறைக்க முடியாது. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு ஒருவர் சொன்னதை வாயில் போடாத நான் நம்பியிருக்கக் கூடாது.

"அப்ப கழற்றிடுங்க" என்றேன்.

"கழற்றறதா? நேத்து சிரிச்சவங்க இன்னிக்கு சிநேகிதங்களைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க. 'ஒரு பீர், அந்தச் செடியிலேருந்து ஒரு பீடா'ன்னு கேக்கறாங்க. வாசல்ல ஒரு வெற்றிலைப் பெட்டி போட்டுட்டேன்."

கடைக்கு அவர் வைத்த பெயரை யாரும் சொல்வதில்லை. வெற்றிலைத் தோட்டம் என்றால் டாக்சிக்காரர்கள் கொண்டுபோய் விடுகிறார்கள். பெயர் இப்படிப் பரவியதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஷ்வேப்யிதாவுக்கு வடக்கே ஓர் அம்மாள் இதைக் கேட்டால் தூங்க மாட்டார் என்று தெரியும்.

பார்த்தவர்கள் எழுந்து சொல்லவும்

சில வாரங்களில் பயந்தது நடந்தது. கோயில் கமிட்டி கூடுகிறது, படம் எடுத்தவள் என்பதால் நீயும் வர வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். பெருமாள் அண்ணனையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் மேலாவது புகார் என்றால், கண்ணால் பார்த்தவர் எழுந்து, சந்நிதியைப் பார்த்து நின்று, நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கேள்விப்பட்டது, அவர் சொன்னது, இவர் சொன்னது எல்லாம் செல்லாது. முன்னொரு காலத்தில் பொங்கல் பானையை யார் முதலில் இறக்கினார்கள் என்பதில் கிளம்பிய வதந்தி இரண்டு குடும்பங்களைப் பிரித்துவிட்டதாம். அதிலிருந்து இந்த ஏற்பாடு.

கரண்ட் இல்லை. மண்டபத்தில் விசிறி நின்றிருந்தது. பெருமாள் அண்ணன் ஒரு தூணடியில் இலைக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். வாழையிலை போட்டு மூடிய கூடை. அன்றைக்கு அதை வாங்கி வைப்பார்களா, திருப்பி அனுப்புவார்களா என்பதுதான் கேள்வி. செல்லம்மா மதினி உள்ளே வரவே இல்லை. வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் சுந்தரம் தொண்டையைச் செருமினார். வரி, ரசீது, வழக்கு என்று எதையும் சுத்தமாகச் செய்கிற மனிதர்.

"பெருமாள் தோட்டத்து எலைய நிறுத்தறதா வேணாமான்னு முடிவு பண்ணணும்."

தலைவர் ஊ ராமையா வயதானவர். வாழ்க்கையில் சோடாவைத் தாண்டிப் போகாதவர். "ஏன், எலை அழுகலா வருதா?" என்று கேட்டார்.

"எலைக்கு ஒண்ணுமில்லை. தோட்டம் ஒரு கடைச் சொவத்துல இருக்குன்னு சொல்றாங்க."

"என்ன கடை?"

"பீர்க்கடை. அதுல பீர் கிளாஸும் இருக்காம். சாமிக்குப் போற வரிசைதான்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"எல்லாரும் சொல்றாங்கண்ணே."

"எல்லாருமா? அப்ப நல்லதாப் போச்சு" என்றார் ஊ ராமையா. "யாராவது ஒருத்தர் எந்திரிச்சு, நான் பாத்தேன்னு சொன்னா வேலை முடிஞ்சுது."

யாரும் எழவில்லை.

ஓர் உறுப்பினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் சுவரில் நன்கொடையாளர் பெயர்ப் பலகையைப் படிக்கத் தொடங்கினார். அதில் முதல் பெயரே அவர் அப்பாவுடையது. வேறொருவர் நின்ற விசிறியை அது எப்போது சுற்றும் என்பது போல் பார்த்தார். வெளியே எங்கேயோ ஜெனரேட்டர் ஓடியது. இவ்வளவு பக்தியான அமைதியை அந்த மண்டபத்தில் நான் கண்டதில்லை.

ஊ ராமையா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவசரப்படவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்.

"வள்ளி, நீதானே படம் எடுத்தே? நீயாச்சும் சொல்லு."

எழுந்தேன். நாலு பேருக்கு முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. அண்ணனைக் காப்பாற்ற ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மனசில் கிடந்ததுதான் வாயில் வந்தது.

"நான் எடுத்தது நெசங்க. அண்ணன் தோட்டத்துலதான் எடுத்தேன். ஒரு சொட்டு பீர் உள்ள வரல, கிளாஸ்ல இருந்தது தேத்தண்ணி. ஆனா சொவத்துல அது எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் அந்தக் கடைக்குள்ள போனதில்லை. பெரிசாப் போட்டா எப்படி வந்திருக்குன்னு தெரிஞ்சுக்க எனக்கும் ஆசைதான். பாத்தவங்க யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்."

சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். உண்மையிலேயே யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்ததிலேயே பெரிய படம். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஊ ராமையாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"பாத்தவங்க இல்லைன்னா புகார் இல்லை" என்றார். "நம்ம கமிட்டியில அந்தப் பக்கம் போறவங்க ஒருத்தர் கூட இல்லைன்னு தெரிஞ்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். சுந்தரம், எலைக்கூடைய வாங்கி உள்ள வை."

சுந்தரம் எழுந்து போய்க் கூடையை வாங்கினார். பெருமாள் அண்ணன் கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை. கூடையின் அடியை ஒரு தடவை தடவிவிட்டுத்தான் விட்டார். வாசல்படியில் மதினி திரும்பிப் பார்த்தார். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, வந்த வேலை முடிந்தது என்பது போல் செருப்பைத் தேடினார்.

காது இரண்டும் தெரிய வேண்டும்

சுந்தரத்துக்கு வெளிநாட்டில் மகன் இருக்கிறான். அவனிடம் போய்விட்டு வர பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. திருவிழா முடிந்த பிறகு ஒரு நாள் ஸ்டுடியோவுக்கு வந்தார். கமிட்டிப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து காலரைச் சரிசெய்துகொண்டார். நான் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"வள்ளி, ஒண்ணு சொன்னா மனசோட வச்சுக்குவியா?"

"சொல்லுங்கண்ணே."

"சாயங்காலம், வெளியில இருட்டிக்கிட்டு வரும். கரண்டும் போயிரும். ஜெனரேட்டரைப் போட்டு அந்தச் சொவத்து வெளக்கை மட்டும் எரியவிடுவான். அப்பப் பாக்கணும் நீ. அந்தக் கொடிக்குள்ளேருந்து விடியற மாதிரி இருக்கும். பேசிக்கிட்டு இருக்கிறவன்கூடப் பேச்சை நிறுத்திருவான்."

விளக்கின் சூடு என் கையில் பட்டுக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் படத்தைப் பற்றி நான் கேட்ட பெரிய பாராட்டு, காது இரண்டும் நன்றாகத் தெரிகிறது என்பதுதான்.

நன்றி சொல்ல வேண்டும். "முகத்தைக் கொஞ்சம் நிமித்துங்கண்ணே" என்றேன்.

நிமிர்த்தினார். நேராக என்னைப் பார்த்தார். மனதில் இருந்ததை இறக்கி வைத்தவருக்கு இன்னும் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ஒரே ஒரு கொறை. எடது ஓரத்துல, மூலைக்குக் கிட்ட, ஒரு கம்பு சாஞ்சு நிக்குது. வாசல் பக்கம் உக்காந்தாத் தெரியாது. விசிறிக்கு அடியில இருக்கிற மேசையிலேருந்து பாத்தாத்தான் தெரியும்."

"அப்படியாண்ணே" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

அந்தக் கம்பு சாய்ந்துதான் இருந்தது. சேற்றில் படுத்திருந்தபோதே கவனித்தேன். எழுந்து போய் நிமிர்த்தினால் வெளிச்சம் போய்விடும் என்று விட்டுவிட்டேன். அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒருவர் பல சாயங்காலங்கள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.